இளவரசன் இனி வருவானா?

21 ஜனவரி 2026, இரவு (ஒரு வாசகரின் கேள்வி)

"சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக்கை நிறுத்திவிட்டார்களாம். 2020லிருந்து காத்திருக்கிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இதோடு முடிந்தது என்றுதான் தோன்றுகிறது. 1989லிருந்து வரும் கேம் தொடர் இப்படியா முடிய வேண்டும்? வேறு மாதிரி நினைப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

22 ஜனவரி, காலை

செய்தி உண்மைதான். தொடரை வெளியிடும் கம்பெனியான யூபிசாஃப்ட் நேற்று ஆறு கேம்களை நிறுத்தியிருக்கிறது, அதில் இதுவும் ஒன்று. 2003 கேமைப் புதிதாகச் செய்யும் இந்த ரீமேக்கை 2020 செப்டம்பரில் முதலில் அறிவித்தபோது சொன்ன வெளியீட்டு நாள் 2021 ஜனவரி 21. நிறுத்தியதாகச் சொன்ன நாள் 2026 ஜனவரி 21. நாள் பிசகாமல் ஐந்து வருஷம். அதைக் கவனித்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. இரவு எழுதுகிறேன்.

22 ஜனவரி, இரவு

நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று பகல் முழுக்க யோசித்தேன்.

2003இல் வந்த சாண்ட்ஸ் ஆஃப் டைம் ஒரு கதைசொல்லியின் குரலில் நடக்கிறது. நாம் தவறிக் குழியில் விழுந்தால், "இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று அந்தக் குரலே தன்னைத் திருத்திக்கொண்டு நம்மைப் பழைய இடத்தில் நிறுத்தும். விளையாடுபவனின் தோல்வியைக் கதை சொல்பவனின் நாப்பிசகாக மாற்றிவிட்டார்கள். அன்று எனக்கு அது வெறும் வேடிக்கை. இன்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இளவரசன் இத்தனை நேரம் கதை சொல்லிக்கொண்டிருந்தது ஃபராவிடம். காலத்தைத் திருப்பிவிட்டதால் அவளுக்கு அவனை யாரென்றே தெரியாது. கூடவே போராடியவள், அம்பெய்து அவனைக் காப்பாற்றியவள், இப்போது அவனை அந்நியனாகப் பார்க்கிறாள். கடைசியில் அவள் அவனுடைய பெயரைக் கேட்கும்போது அவன் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறான்: காகோலூகியம். இருட்டில் இருவரும் மாட்டிக்கொண்டபோது அவள் நம்பிச் சொன்ன, சின்ன வயதில் அம்மா கற்றுத்தந்த ரகசியச் சொல் அது. வேறு யாருக்கும் தெரியாதது.

ஃபரா இந்திய அரசரின் மகள். பஞ்சதந்திரத்தில் காகங்களும் ஆந்தைகளும் பகைகொள்ளும் மூன்றாம் பகுதிக்குச் சம்ஸ்கிருதத்தில் காகோலூகீயம் என்று பெயர். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. காகம், உலூகம் (ஆந்தை), அவ்வளவுதான். தெரிந்த அன்று அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு தாய் தன் குழந்தைக்கு மிருகக் கதை சொல்லியிருக்கிறாள், குழந்தை அதன் தலைப்பை மந்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் புதிய முகங்களோடு, தெளிவான படத்தோடு இன்னொரு முறை பார்க்கத்தான் காத்திருந்தேன். தொடருக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்விக்கும் இந்த ஆசைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இப்போதைக்குத் தெரியவில்லை. 2010க்கும் 2024க்கும் நடுவில் 14 வருஷம் ஒரு கேமும் வரவில்லை, அப்போதும் தொடர் செத்துவிட்டது என்றுதான் நாமெல்லாம் சொன்னோம்.

24 ஜனவரி

ஒரு திருத்தம். 14 வருஷம் ஒன்றுமே வரவில்லை என்று எழுதியது தவறு. நடுவில் கைபேசிக்கு இரண்டு சின்ன கேம்கள் வந்தன. 2013இல் தி ஷேடோ அண்ட் த ஃபிளேம், 2018இல் எஸ்கேப். கணினிக்கும் கன்சோலுக்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று படியுங்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இன்னொருவர், "யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் கொடுத்ததால்தான் ரீமேக் கெட்டது" என்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2020 டிரெய்லரைப் பார்த்து முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன என்று சொன்னவர்களில் நானும் ஒருவன், அதை மறைக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் 2021 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பிப்ரவரியில் தேதியே இல்லாமல் தள்ளினார்கள். 2022 மே மாதம் மூல கேமைச் செய்த மாண்ட்ரியால் ஸ்டுடியோவுக்கே வேலை போய்விட்டது. 2024 ஜூனில் ஒரு மெழுகுவர்த்தியையும் 2026 என்ற வருஷத்தையும் மட்டும் காட்டினார்கள். பிறந்த வீட்டுக்குப் போய் மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியும் வெளியே வராத ஒன்றுக்கு முதலில் வைத்திருந்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா? அங்கே உழைத்தவர்களுக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெரிய கேமின் முகப்பில் தங்கள் பெயர் வரும் என்ற கனவு இருந்திருக்கும். ஒரு டிரெய்லரோடு உலகம் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். என் பங்குத் திட்டுக்கு இப்போது வருந்துகிறேன்.

27 ஜனவரி

1989 கேமை மறுபடி எடுத்தேன். மூன்று இரவுகள்.

முதல் முறை விளையாடும்போது எனக்கு ஒன்பது வயது. அம்புக்குறிகள் அண்ணன் கையில், ஷிஃப்ட் என் விரலில். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நடந்தால் இளவரசன் அடி மேல் அடி வைத்துப் போவான், விளிம்பில் தானாக நிற்பான். தாவும்போது அழுத்தினால் எதிர்ச் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். ஆக ஓடுவதும் தாவுவதும் அண்ணன் வேலை, உயிரைக் காப்பது என் வேலை. அண்ணன் "இப்ப!" என்பான். அந்தச் சொல்லுக்கும் என் விரலுக்கும் இடையில் எத்தனை முறை செத்தோம் என்று கணக்கே இல்லை.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த "இப்ப" விரலில் அப்படியே இருக்கிறது.

ஏன் என்று யோசித்தேன். இந்த முதல் கேமைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்தார், அதைச் சட்டம் சட்டமாக வரைந்து கேமுக்குள் கொண்டுவந்தார். வாள்சண்டைக்கு 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையை எடுத்துக்கொண்டார். அதனால் இந்த இளவரசனுக்கு உடம்பு இருக்கிறது, எடை இருக்கிறது. அந்தக் காலத்து மற்ற கேம்களில் பொத்தானை விட்டதும் ஆள் நின்றுவிடுவான். இவன் சறுக்கி, குதிகாலை ஊன்றி, அப்புறம்தான் நிற்பான். திரும்பி ஓட வேண்டுமென்றால் முதலில் திரும்ப வேண்டும். ஆகவே அடுத்த அடியை நாம் ஒரு கணம் முன்பே யோசித்தாக வேண்டும். தடுக்கி விழுந்தால் வலிப்பது போல இருப்பது இதனால்தான்.

இளவரசனுக்கு எதிரே வரும் நிழல் மனிதன் பிறந்த கதையும் தெரிந்திருக்கும். ஆப்பிள் II கணினியில் இன்னொரு எதிரியை வரைந்து வைக்க நினைவகத்தில் இடமில்லை. இருக்கும் இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, தன்மேலேயே எக்ஸார் செய்து (இரண்டும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் காட்டும் கணக்கு), மினுமினுக்கும் நிழலாக மாற்றினார் மெக்னர். நான்காம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் அவன் பிரிந்து ஓடுகிறான். ஆறாம் லெவலில் நாம் தாவிப் பிடிக்கப்போகும் நேரம் கதவை மூடிவிடுகிறான். கடைசியில் எதிரே வாளோடு நிற்கிறான், நாம் வெட்டினால் நம் உயிர் குறைகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும். அண்ணனும் நானும் இதைக் கண்டுபிடிக்க ஒரு கோடை விடுமுறை முழுதும் ஆனது. வாளை வைத்துவிட்டு நடந்தபோது இரண்டு உருவமும் ஒன்றானதைப் பார்த்து அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

இடமில்லை என்ற நெருக்கடியிலிருந்து வந்தவன்தான் இந்தத் தொடரின் மிகப் பெரிய பாத்திரம். சாண்ட்ஸ் ஆஃப் டைம் குழுவும் 1989 கேமுக்கு அடங்கி நடக்கவில்லை. 60 நிமிடக் கடிகாரத்தை எடுத்தார்கள், கோபுரத்தில் அழுதுகொண்டிருக்கும் இளவரசியை எடுத்துவிட்டு வில்லோடு ஃபராவைக் கொண்டுவந்தார்கள், சாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் காலத்தைத் திருப்பும் ஒரு கத்தியைக் கையில் கொடுத்தார்கள். வைத்துக்கொண்டது அந்த உடம்பை மட்டும்.

22ஆம் தேதி எழுதியதற்கு இப்போது பாதி பதில் கிடைத்திருக்கிறது. நான் கேட்டது பழைய காட்சியை இன்னொரு முறை. மூல கேம் எந்தத் துணிச்சலால் பிறந்ததோ, அந்தத் துணிச்சலை ரீமேக்கிடம் நாம் கேட்கவே இல்லை. ஒரு முடி மாறினாலும் சண்டைக்கு வந்திருப்போம்.

28 ஜனவரி

60 நிமிடம் பற்றிக் கேட்டவருக்கு: செத்தால் முதல் லெவலுக்குப் போக வேண்டாம், அந்த லெவலின் தொடக்கத்துக்குப் போனால் போதும். கடிகாரம் மட்டும் நிற்காது. நாம் செத்துச் செத்துக் கற்றுக்கொள்ளும் நேரமும் இளவரசியின் நேரத்தில்தான் கழியும்.

1 பிப்ரவரி

அசாசின்ஸ் கிரீட் இந்தத் தொடரின் குழந்தை என்பதை மறந்து பேசுகிறோம். சாண்ட்ஸ் ஆஃப் டைமை இயக்கிய பத்ரிஸ் டெசிலே அடுத்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவாகத்தான் அதைத் தொடங்கினார். அதில் நாயகன் இளவரசன் இல்லை, அவனைக் காக்கும் கொலையாளி. இளவரசன் இல்லாத பிரின்ஸ் ஆஃப் பெர்சியா எதற்கு என்று தனிப் பெயர் கொடுத்து 2007இல் வெளியிட்டார்கள். சுவரேறுவது, விளிம்பில் தொங்குவது, கூரையிலிருந்து பாய்வது எல்லாம் அங்கே போய்விட்டது. பெரிய உலகம், பெரிய பட்ஜெட், எல்லாம் அங்கே. ஒரே வகை கேம் ஒரு வீட்டில் இரண்டு எதற்கு என்ற கேள்வி அதன்பின் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கும். என் கணிப்பில் 2010க்குப் பிறகு நேர்ந்த நீண்ட மௌனத்துக்கு இதுதான் முதல் காரணம். அந்த வருஷம் வந்த ஃபர்காட்டன் சாண்ட்ஸ் மோசமான கேம் இல்லை. மே மாதத்தில் டிஸ்னி படத்தோடு சேர்ந்து வந்து, படத்தோடு சேர்ந்தே மறந்துபோனது.

5 பிப்ரவரி

2008இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமைப் பற்றி இத்தனை நாளாக நான் சொல்லிவந்ததைத் திரும்பப் பெறுகிறேன்.

அதில் சாகவே முடியாது. விழுந்தால் கூடவே வரும் எலிகா கையைப் பிடித்து மேலே இழுத்துவிடுவாள். இதெல்லாம் ஒரு கேமா, பயமே இல்லையே என்று வருஷக்கணக்கில் பேசியிருக்கிறேன். போன வாரம் மறுபடி விளையாடினேன். 2003இல் கத்தி செய்ததைத்தான் எலிகா செய்கிறாள்: கடைசியாகக் கால் ஊன்றிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். பொருள் செய்தபோது ரசித்தேன், ஒரு பெண் கைகொடுத்தபோது கேலி செய்தேன். என்ன நியாயம்?

அதன் முடிவு தொடரின் மற்ற கேம்களையெல்லாம் தாண்டி நிற்கிறது. உலகைக் காக்க எலிகா உயிரை விடுகிறாள். அவளை எழுப்புவதற்காக இளவரசன், நாம் மணிக்கணக்கில் ஒவ்வொரு இடமாகச் சுத்தப்படுத்தியதையெல்லாம் அழித்து, அடைத்துவைத்த இருளின் கடவுள் அரிமானைத் திறந்துவிடுகிறான். அதற்காக மரங்களை வெட்டுவது நம் விரல். மாற்று வழி கிடையாது. அதற்குப் பின்னால் வந்த எபிலாக் பகுதியைக் கன்சோலுக்கு மட்டும் கொடுத்தார்கள், கணினிக்கு வரவே இல்லை. எனக்கு எலிகா இன்னும் அந்தக் கடைசிக் காட்சியிலேயே கண் திறந்து கிடக்கிறாள்.

இந்தத் தொடரில் தவறவிட்ட வாய்ப்பு எது என்று கேட்டால், ரீமேக்கைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

9 பிப்ரவரி

மெகாஹிட்! நினைவூட்டியவர் நன்றாக இருக்க வேண்டும். பழைய டாஸ் கணினியில் கேமைத் திறக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தட்டினால் எந்த லெவலுக்கும் தாவலாம். அண்ணனுக்குத் தெரிந்திருந்தும் நிழலோடு ஒன்று சேரும் வரை என்னிடம் சொல்லவில்லை. நேற்றுப் பேசும்போது கேட்டேன். "சொல்லியிருந்தா நீ ஷிஃப்ட்டை விட்டிருப்படா" என்றான்.

15 பிப்ரவரி

இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன்.

2023 ஜூனில் தி லாஸ்ட் கிரவுனின் முதல் டிரெய்லர் வந்தது. பக்கவாட்டில் ஓடும் கேம், பின்னணியில் ராப் பாட்டு, இளவரசன் இல்லை, சார்கோன் என்று யாரோ. பத்து நொடியில் மூடிவிட்டேன். எங்கள் இளவரசன் இவன் இல்லை என்று எழுதியும் வைத்தேன். 2024 ஜனவரி 18இல் கேம் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். நான் ரீமேக்குக்காகக் காத்திருந்தேன்.

அக்டோபரில் அதைச் செய்த, பிரான்சின் மான்பெல்லியே ஊர்க் குழுவைக் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் வாங்கினேன்.

முதல் மணி நேரத்திலேயே விரலில் அந்த "இப்ப" திரும்பி வந்துவிட்டது. முள், சுழலும் ரம்பம், நொடியில் மூடும் கதவு, எதிர்ச் சுவர். கதை நடக்கும் காஃப் மலையில் காலம் சிதறிக் கிடக்கிறது. சீமுர்க் என்ற பாரசீகப் புராணப் பறவையின் பெயரில், சீமுர்க்கின் நிழல் என்று ஒரு சக்தி தருகிறார்கள்: நிற்கும் இடத்தில் உன் நிழலை விட்டுவிட்டுப் போ, வேண்டும்போது அதனிடம் திரும்பு. 1989இன் நிழலும் 2003இன் காலத்திருப்பமும் ஒரே பொத்தானில். அதைப் புரிந்துகொண்ட அறையில் விளையாடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குரல்களைப் பாரசீகத்துக்கு மாற்றலாம். பெயரிலேயே பெர்சியா இருக்கும் தொடரில் அந்த மொழியைக் கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. போக முடியாத இடம் ஒன்று வந்தால் அங்கேயே படமெடுத்து வரைபடத்தில் குத்தி வைக்கலாம். இந்த வசதியை இனி இந்த வகை கேம்கள் எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இழையின் கேள்வி தொடருக்கு எதிர்காலம் உண்டா என்பது. எதிர்காலம் 2024 ஜனவரியில் வாசலில் வந்து நின்றது. என்னைப் போன்ற பழைய ரசிகர்கள், அவன் முகம் நமக்குப் பழக்கமானதாக இல்லை என்று கதவைத் திறக்கவில்லை. குழு கலைந்ததற்கு என் ஒருவன் தாமதம் காரணமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் குழுவிடம் இன்னொரு கேம் இருந்தது என்று கடைசி மணி நேரத்தில் தெளிவாகவே தெரிகிறது, அதை நான் ஒருபோதும் விளையாடப் போவதில்லை.

16 பிப்ரவரி

"கலைத்தார்கள்" என்ற சொல் கடுமை என்கிறார் ஒருவர். வேலை முடிந்ததும் பெரும்பாலானவர்களை வேறு கேம்களுக்கு மாற்றியதாகத்தான் கம்பெனி தரப்பில் சொன்னார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாவலை நூறு முறை திருத்திப் பழகிய பத்து இருபது பேரைப் பிரித்து வெவ்வேறு இடத்தில் வைத்தால் அந்தப் பழக்கம் யாரிடம் இருக்கும்?

28 பிப்ரவரி

தி ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஏன் யாரும் பேசவில்லை என்று ஒருவர் கேட்டார். இரண்டு வாரமாக அதில்தான் இருக்கிறேன்.

டெட் செல்ஸ் என்ற கேமைப் பல வருஷம் வளர்த்த ஈவில் எம்பயர் குழு செய்தது. 2024 மே மாதம் முன்னோட்ட வடிவில் வந்தது. ஹேடிஸ் II என்ற இதே வகை கேம் திடீரென்று அதே சமயத்தில் வந்துவிட்டதால் தங்கள் தேதியைத் தள்ளி, அதையும் விளையாடிவிட்டு வாருங்கள் என்கிற தொனியில் அறிவித்தார்கள். எனக்கு அந்தக் குழுவை அன்றே பிடித்துப்போனது. ஊதாத் தோலோடு இருந்த இளவரசனை ரசிகர்கள் சொன்னதைக் கேட்டு மாற்றினார்கள். 2025 ஆகஸ்டில் முழு வடிவம் வந்தது.

இது எனக்கு லாஸ்ட் கிரவுன் அளவுக்கு ஒட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு குறிப்பிட்ட தாவலோடு பகை வளர்த்துக்கொள்ள முடிவதில்லை. பின்னணிச் சுவரில் ஓடுவது மட்டும் அபாரம், அதற்காகவே தினமும் அரை மணி நேரம் போகிறது.

1ஆம் தேதிக் குறிப்புக்கு இதையும் சேர்க்க வேண்டும். பெரிய முப்பரிமாண உலகத்தில் அசாசின்ஸ் கிரீட்டோடு போட்டி போட இடமில்லை. பக்கவாட்டு கேமில் அந்தப் போட்டியே இல்லை. அடுத்தடுத்து வந்த இரண்டும் அந்தப் பக்கமே போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இனி ஒன்று வந்தால் அதுவும் சின்னக் குழுவிடமிருந்து, பக்கவாட்டில்தான் வரும் என்பது என் ஊகம். ஜனவரி 22ஆம் தேதி இதை யாராவது சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

7 மார்ச்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "கம்பெனி கைவிட்டுவிட்டால் நமக்கு என்ன மிச்சம்?" என்கிறார்.

முதல் கேமின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்று மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டுப் பெட்டி ஒன்றில் பழைய ஃபிளாப்பிகள் கிடைத்தன. அந்த அப்பாதான் கேமுக்கு இசையமைத்தவரும். ஃபிளாப்பியிலிருந்து நிரலை மீட்டு எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார் மெக்னர். டாஸ் வடிவத்தை ரசிகர்கள் தனியாகப் பிரித்துப் படித்து, இன்றைய கணினிகளில் ஓடும்படி மறுபடி எழுதியிருக்கிறார்கள். லெவல் எடிட்டர்களும் இருக்கின்றன. மற்றவர்கள் செய்து வைத்திருக்கும் லெவல்களை விளையாட இந்த ஆயுள் போதாது.

போன மாதத்திலிருந்து நானும் ஒன்று செய்கிறேன். ஒரு லெவலுக்கு 24 அறை, அறைக்கு மூன்று வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம். இந்தக் கட்டங்களுக்குள்தான் எல்லாம். தளர்ந்த பலகையை எங்கே வைத்தால் ஓடுகிறவன் கடைசி நொடியில் கவனிப்பான் என்று யோசிக்கும்போது, மெக்னர் எத்தனை அன்போடு நம்மைக் கொன்றிருக்கிறார் என்று தெரிகிறது.

அண்ணனுக்கு முதல் ஏழு அறைகளை அனுப்பினேன். ஏழாம் அறையில் கதவு சீக்கிரம் மூடிவிடுகிறது, எப்படி ஓடினாலும் ஒரு அடி பிந்துகிறது என்கிறான். மிதிபலகையை இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கப் போகிறேன். சரியானதும் இங்கே போடுகிறேன்.